பள்ளி மைக்கில் இன்னும் உங்கள் குரல்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த ஸலாமை உங்களை அடக்கிய மையவாடிக்கு வந்து, உங்கள் கப்றடியில் நின்று சொல்ல எனக்கு வழியில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் அங்கே போவதில்லை என்பது நம் ஊர் வழக்கம். மச்சான்மார் போய் வருகிறார்கள், அயலவர்கள் போய் வருகிறார்கள், உங்களிடம் வாங்கிய மைக் வயரை வருடக்கணக்கில் திருப்பித் தராதவர்கள்கூடப் போய் யாஸீன் ஓதிவிட்டு வருகிறார்கள். உங்களுடைய ஒரே பிள்ளை நான், பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதுவதை ஊரும் வாசிக்கட்டும் என்றே விடுகிறேன். போன திங்கட்கிழமை பள்ளிவாசல் மைக்கில் நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு கதை சொல்லி முடித்துவிட்டார்கள். நான் மட்டும்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் மௌத்தாகி மூன்று மாதமும் சில நாட்களும் ஆகின்றன. உம்மா இத்தா இருக்கிறா. நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசற்படி இறங்க மாட்டா, அந்நிய ஆண் முகம் பார்க்க மாட்டா. உள் அறைக்கும் முன் ஹோலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை போட்டிருக்கிறோம். திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, இந்தப் பக்கம் மடிக்கணினியோடு நான். உம்மாவைப் பிடித்து வைத்திருப்பது இத்தா. என்னைப் பிடித்து வைத்திருப்பது உங்கள் குரல், வாப்பா.

ஓம், அது இன்னும் பேசுகிறது. நீங்கள் கப்றுக்குப் போன பிறகும் ஊரில் யார் மௌத்தானாலும் நீங்கள்தான் அறிவிக்கிறீர்கள்.

என் படிப்பின் பெயரை நீங்கள் ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை. தகவல் பொறியியலும் படைப்பூடகமும். கடையில் யாராவது "மகள் கம்பஸ்ல என்ன படிக்கா?" என்று கேட்டால் பாதியிலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிடுவீர்கள். "அது கம்பியூட்டர் படிப்பா, டீவி படிப்பா?" என்று திரும்பக் கேட்பார்கள். சொந்தக்காரர்களுக்கோ வேறு கவலை. "இஞ்சினியரா வருவாவா, இல்லாட்டி கலியாண வீடியோ எடுப்பாவா?" நீங்கள் கடைசியில் உங்களுக்கு வசதியாக ஒரு பதில் கண்டுபிடித்தீர்கள். "மெசினுக்குக் கதைக்கப் பழக்குற படிப்பு. இவட வாய்க்கு அது சரியா வரும்."

அந்தப் பதிலை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அதைவிடத் தெளிவாக எங்கள் விரிவுரையாளர்களே சொன்னதில்லை. கிழமையில் பாதி நாள் கணிதம், வலையமைப்பு, தரவு அட்டவணை. மீதிப் பாதி ஒலிப்பதிவு, கமெரா, கதை எழுதுதல். பொறியியல் பிள்ளைகள் எங்களைப் படம் காட்டுகிறவர்கள் என்பார்கள், ஊடகப் பிள்ளைகள் எங்களை நட்டுக் கழற்றுகிறவர்கள் என்பார்கள். இறுதி வருடச் செயற்றிட்டம் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அதுவும் உண்மையான ஆட்கள் உண்மையாகப் பாவிக்கிற ஒன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு வழிகாட்டுகிற மிஸ்ஸுக்குப் பக்கத்து ஊர், காரைதீவு. நான் எதையெதையோ எழுதிக்கொண்டு போனபோது அவ தாள்களை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டா. "உங்கட ஊரில எல்லாரும் கையில இரிக்கிற வேலைய விட்டுட்டுக் கேக்குற சத்தம் எது?" பாங்கு என்றேன். "அது தெரியும். வேற?" மௌத்துச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தல் என்றேன். அவ சிரித்தா. "வாடைக் காத்துக்கு உங்கட வாப்பாட குரல் எங்கட வளவுக்கும் வரும். ஆர் எண்டு தெரியாட்டியும் அடுப்பக் கொறைச்சிட்டு ஒரு நிமிசம் கேப்பம்."

அப்படித்தான் நீங்கள் என் செயற்றிட்டமாக ஆனீர்கள்.

ஞாபகம் இருக்கிறதா? பின் அறையில் மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தி, காற்றாடியை நிறுத்தி, சாரனோடு உங்களை உட்கார வைத்தேன். வியர்த்து வடிந்தது. ஊரெல்லாம் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற 'மைக் மீராலெவ்வை' என்னுடைய சின்ன மைக்கைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். "இதென்ன புள்ள, நெத்தலி மாதிரி இரிக்கி. இது என்னத்தக் கேக்கும்?" அது எல்லாவற்றையும் கேட்டது, வாப்பா. நீங்கள் எச்சில் விழுங்குவதைக்கூடக் கேட்டது.

வீதிப் பெயர்கள், ஆட்களின் பெயர்கள், தொழுகை நேரங்கள், உறவு முறைகள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் வாசித்தீர்கள். அந்தச் சொற்களை வைத்து, நீங்கள் ஒருநாளும் வாசிக்காத வசனங்களையும் உங்கள் குரலில் சொல்ல நான் மெசினுக்குப் பழக்கினேன். முதல்முறை அது உங்களைப் போலப் பேசியபோது நீங்கள் எழும்பி நின்றுவிட்டீர்கள். பிறகு குறை சொல்லத் தொடங்கினீர்கள்.

"காத்து எந்தப் பக்கம் எண்டு இதுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். கச்சான் அடிக்கும் மாதங்களில் பள்ளிச் சத்தத்தைக் காற்று கடலுக்கு இழுத்துப்போய்விடும், வயல் பக்கத்து வீடுகளுக்கு ஒன்றும் விளங்காது, அந்த நாட்களில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு இழுத்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தீர்கள். முப்பது வருடமாக நீங்கள் அப்படிச் செய்து வந்ததை நான் அன்றுதான் அறிந்தேன். மெசினில் கச்சானுக்கென்றே ஒரு பொத்தான் வைத்தேன். மிஸ் அதற்கு மட்டும் தனியாகப் பாராட்டினா.

மறுநாள் இன்னொன்று சொன்னீர்கள். "ஜனாப், மர்ஹூம். இந்த ரெண்டிலதான் ஆள் மாட்டுறது." உறவினர் பட்டியலில் உயிரோடு இருப்பவருக்கு ஜனாப், இறந்தவருக்கு மர்ஹூம். மாறிச் சொன்னால் சனம் மன்னிக்காது. ஒருமுறை நீங்கள் உயிரோடு இருந்த ஒருவரை மர்ஹூம் என்று சொல்லிவிட்டீர்களாம். அவர் சைக்கிளில் கடைக்கு வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, "நல்லாப் பாத்துக்க மீராலெவ்வ, நான் இன்னும் போகல" என்றாராம். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்களாம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பும் அந்த நெத்தலி மைக்கில் இருக்கிறது.

அதனால்தான் அந்த அட்டவணையைச் செய்தேன். ஊரில் ஆளுக்கொரு வரி. பெயர், வீதி, யாருக்கு யார் என்ன முறை, கடைசிக் கட்டத்தில் உயிருடன் அல்லது மர்ஹூம். ஒருவர் மௌத்தானால் பெயரைத் தெரிவு செய்தால் போதும், உறவினர் பட்டியலை மெசினே சேர்க்கும், யாருக்கு எது என்று பார்த்துச் சொல்லும். பிழை வராது. அப்படித்தான் என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்.

பெயர்களை வாசித்துக்கொண்டு வரும்போது உங்கள் பெயரும் வந்தது. நீங்கள் ஒரு கணம் நிறுத்தி, தொண்டையைச் செருமி, அறிவித்தல் குரலில் "மர்ஹூம் மீராலெவ்வை" என்றீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வாப்பா, பைத்தியமா ஒங்களுக்கு?" என்று கத்தினேன். நீங்கள் அசரவில்லை. "எடுத்து வெய்ங்க மகள். ஒரு நாளைக்குத் தேவப்படும். மறுகா ஒட்டுப் போட்டுச் செஞ்சா நல்லா வராது." நான் உங்கள் முன்னாலேயே அதை அழித்தேன். அழித்துவிட்டேன் என்று திரையையும் காட்டினேன். நீங்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரை வாசித்தீர்கள்.

ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, கடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த நீங்கள் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள்.

இதை உங்களிடம் யாராவது சொன்னார்களோ தெரியாது. ஊருக்கெல்லாம் விளங்கும்படி அறிவித்த உங்களுடைய சொந்த ஜனாஸா அறிவித்தல்தான் ஒருவருக்கும் விளங்காமல் போனது. பாங்கு சொல்லும் மோதினார் அழுதுகொண்டே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கச்சான் வேறு. வயல் பக்கத்து ஆட்கள் அடக்கம் முடிந்த பிறகு ஓடி வந்து, "மைக் மீராலெவ்வைட மௌத்து எங்களுக்கு வெளங்கலயே" என்று முற்றத்தில் நின்று அழுதார்கள்.

மூன்றாம் நாள் பள்ளிச் செயலாளர் கபூர் சேர் வந்தார். உங்களுக்குத்தான் தெரியுமே, படிப்பித்து ஓய்வு பெற்றவர், ஒரு விசயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்ல அவரால் முடியாது. சுற்றி வளைத்து வந்து நின்ற இடம் இதுதான். "அந்த மெசின் இரிக்கெல்லா புள்ள? அத பள்ளிக்குத் தாங்க. வாப்பாட குரல்ல அறிவித்தல் போகப் போக அவருக்கு நன்மை போய்க்கிட்டே இரிக்கும். சதக்கத்துல் ஜாரியா."

மௌத்தான பிறகும் நிற்காமல் வந்து சேரும் நன்மை. வாப்பா இழந்து மூன்று நாளான ஒரு பிள்ளையிடம் இதைச் சொன்னால், எந்தப் பிள்ளை மாட்டேன் என்னும்? எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அன்றிலிருந்து என் நாள் இப்படிப் போகிறது. யாராவது மௌத்தானால் கபூர் சேரிடமிருந்து குரல் செய்தி வரும். நான் பெயரைத் தெரிவு செய்து, அடக்கும் நேரத்தைப் போட்டு, உங்கள் குரலில் செய்து அவருக்கு அனுப்புவேன். அவர் கைப்பேசியை நீங்கள் பொருத்திய அம்ப்ளிஃபயரில் குத்திவிடுவார். அடுத்த நிமிடம் நான்கு பக்க ஒலிபெருக்கிக் குழல்களிலும் நீங்கள். பிறகு நான் அட்டவணையைத் திறந்து, மௌத்தானவருடைய வரியில் உயிருடன் என்பதை மர்ஹூம் ஆக்குவேன். அடுத்த முறை பிழை வரக் கூடாதே.

என்னோடு படித்தவர்கள் கொழும்புக்குப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். எனக்கும் ஓர் இடம் வந்தது, போகவில்லை. உம்மாவைத் தனியே விட முடியாது என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, இந்த மெசினை இயக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். குளிக்கப் போனால் ஃபோனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போகிறேன். மூச்சு முட்டுகிறது, வாப்பா. நீங்கள் முப்பது வருடம் இதை எப்படிச் சுமந்தீர்கள்? ஒருநாளாவது எழும்பி எங்காவது ஓடிவிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் அறிவித்தல் போன அன்று, உங்கள் குரல் கேட்டதும் திரைக்குப் பின்னால் ஒரு சத்தம். உம்மா எழும்பி அடுப்படிக்குப் போனா. கேத்தலை வைத்தா. நீங்கள் அறிவித்து முடித்தால் நேரே வீட்டுக்குத்தானே வருவீர்கள், தொண்டை காய்ந்து, வரும்போதே "பிளேன்டீ" என்று சொல்லிக்கொண்டு. உம்மா உங்கள் கோப்பையில் ஊற்றி, சீனி போட்டு, அடுப்படி மேசையில் வைத்தா. பிறகு அதைப் பார்த்துக்கொண்டே நின்றா. பிறகு தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவினா.

ஒருமுறை என்றால் பழக்கதோசம் என்று விட்டிருப்பேன். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் அதே கோப்பை, அதே சீனி.

ஒருநாள் கேட்டேன். "உம்மா, நிப்பாட்டட்டா?"

"நிப்பாட்டினா அவருக்குப் போற நன்மையும் நிண்டிருமெல்லா?"

"ஒங்களுக்குக் கஸ்டமா இரிந்தா..."

"எனக்கென்ன கஸ்டம். நீ ஒண்ட படிப்பப் பாரு."

அவ எனக்காக நிறுத்தச் சொல்லவில்லை. நான் அவவுக்காக நிறுத்தவில்லை. இரண்டு பேரும் உங்களுக்காக நிறுத்தவில்லை. இடையில் மிஸ்ஸுக்கு ஒரே சந்தோசம். இறுதிப் பரீட்சகர்கள் இயங்குகிற மெசினைத்தான் பார்க்க விரும்புவார்கள், ஒரு முழு ஊரும் பாவிக்கிற செயற்றிட்டம் வேறு யாரிடமும் இல்லை என்றா. பரீட்சை இந்த வியாழக்கிழமை.

இனித் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

உங்கள் ராத்தா, சுலைஹா மாமி, நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் மௌத்தாகிவிட்டா. இன்னாலில்லாஹி. நீங்கள் போன நாளிலிருந்து அவ சரியாகச் சாப்பிடவில்லை என்று அவவின் மகன்மார், மச்சான்மார், சொன்னார்கள். செய்தி வந்ததும் உம்மா உள்ளே சத்தமில்லாமல் அழுதா. மாமி வீட்டுக்குப் போக அவவுக்கு வழியில்லை. எனக்குப் போக வழியிருந்தது, ஆனால் கபூர் சேரின் குரல் செய்தி அதற்குள் வந்துவிட்டது. சனம் லுஹர் தொழுதுவிட்டுக் கலையுமுன் அறிவிக்க வேண்டுமாம்.

நான் மாமியின் பெயரைத் தெரிவு செய்தேன். நேரத்தைப் போட்டேன். கண்ணைத் துடைத்தேன். எப்போதும் காதில் மாட்டி ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். அன்று கேட்கவில்லை. அவசரம் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்வதென்றால், அது அவசரம்தானா என்று எனக்கே தெரியவில்லை.

குழல்கள் கரகரத்தன. உங்கள் குரல் வந்தது. மாமியின் பெயர், வீதி, மர்ஹூம் இப்றாலெவ்வையின் மனைவி, பிள்ளைகளின் பெயர்கள். எல்லாம் சரி. அடுத்து, "ஜனாப் மீராலெவ்வை அவர்களின் அன்புச் சகோதரியுமாவார்" என்றீர்கள். நிதானமாக, கச்சானுக்கு இழுத்து, ஒரு சொல்லும் சிதறாமல். வயல் பக்கத்து வீடுகளுக்கும் விளங்கியிருக்கும்.

நீங்கள் உயிரோடு இருப்பதாக நீங்களே ஊருக்கு அறிவித்தீர்கள், வாப்பா.

கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. திரை விலகியது. மூன்று மாதமாக அந்தத் திரையைத் தாண்டாத உம்மா முன் ஹோலில் வந்து நின்றா.

"ஜனாபெண்டு சொல்றாரே புள்ள."

நான் எழும்பிப் போய் முன் கதவைச் சாத்தினேன்.

"அவர் ஜனாபெண்டா, நான் ஆருக்குப் புள்ள இத்தா இரிக்கன்?"

உம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஃபோன் அடிக்கத் தொடங்கியது. கபூர் சேர். மச்சான். கபூர் சேர். ஊர்க் குழுவில் யாரோ சிரிக்கிற பொம்மையோடு "மைக் மீராலெவ்வை இன்னும் டியூட்டியில்" என்று போட்டிருந்தார்கள். அவர்களை நான் மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.

"நான்தான் உம்மா. மாத்தல."

"எத மாத்தல?"

மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அட்டவணையில் உங்கள் வரி. மீராலெவ்வை, வீதி, உறவு. கடைசிக் கட்டத்தில் உயிருடன். உம்மா கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு வாசித்தா. பிறகு விரலால் மேலும் கீழும் மற்ற வரிகளைப் பார்த்துக்கொண்டு போனா. இந்த மூன்று மாதத்தில் மௌத்தானவர்கள் எல்லாரும் மர்ஹூம், மர்ஹூமா. ஒருவர்கூட விடுபடவில்லை.

"ஊராரயெல்லாம் ஒழுங்கா மாத்திப்போட்டு, ஒண்ட வாப்பாவ மட்டும் விட்டு வெச்சிரிக்காய்."

"ஏலாமப் போச்சி உம்மா. ஒவ்வொரு நாளும் தொறப்பன். கை வராது."

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். சின்ன வயதில்கூட அடிக்காத உம்மா. அவ பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தா. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தா. பிறகு சொன்னா.

"நானும்தானே தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இரிந்தன்."

அப்போதுதான் நான் அழுதேன், வாப்பா. நீங்கள் மௌத்தான அன்று அழுததாக எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அது ஞாபகமில்லை. இது ஞாபகமிருக்கிறது. உம்மாவின் வெள்ளைச் சாரியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். ஃபோன் அடித்துக்கொண்டே கிடந்தது.

உம்மாதான் முதலில் நிமிர்ந்தா. "திருத்தம் போடணுமெல்லா?" என்றா. போட வேண்டும். பிழையான அறிவித்தலை அப்படியே விடக் கூடாது என்பது நீங்கள் வைத்த சட்டம். "மாத்து" என்றா. நான் கையை வைத்தேன். எடுத்தேன். உம்மா என் கையை நகர்த்திவிட்டு, "எதத் தட்டணும்?" என்று கேட்டா. காட்டினேன். வாழ்க்கையில் கணினியைத் தொட்டிராத உம்மா, சுட்டு விரலால் ஒரேயொரு தட்டுத் தட்டினா. உங்கள் வரி மாறியது.

கால் மணித்தியாலத்துக்குள் குழல்கள் மறுபடியும் கரகரத்தன. "ஒரு திருத்தம். சற்று முன்னர் செய்யப்பட்ட ஜனாஸா அறிவித்தலில் ஜனாப் மீராலெவ்வை என்று சொல்லப்பட்டது, மர்ஹூம் மீராலெவ்வை என்று திருத்திக்கொள்ளப்படுகிறது."

நீங்கள் சொன்னது சரிதான். ஒட்டுப் போட்டது நல்லாய் வரவில்லை. மர்ஹூமுக்கும் மீராலெவ்வைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, யாரோ படியில் கால் தவறியது போல. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. நீங்கள் அன்று சொன்னதை நான் அழிக்காமல் வைத்திருந்தால் தடுமாறாமல் போயிருக்கும். உங்கள் தொழிலை நீங்கள் கடைசிவரை சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். நான்தான் செய்ய விடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

உம்மா முழுவதையும் நின்று கேட்டா. பிறகு அடுப்படிக்குப் போய், உங்கள் கோப்பையில் பிளேன்டீ ஊற்றி, சீனி போட்டு, கொண்டு வந்து மேசையில் வைத்து, உட்கார்ந்து தானே குடித்தா. கடைசிவரை குடித்தா. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனா. இந்த முறை யாருக்காக இத்தா இருக்கிறா என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

பின்னேரம் கபூர் சேர் வந்து வாசலில் நின்றார். பிழை எல்லாருக்கும் வரும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள், நன்மையை யோசியுங்கள் என்றார். திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"சேர், நன்மைய எழுதுறது அல்லாஹ். அவனுக்கு இவட மெசின் தேவல்ல."

சேர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அப்ப அறிவித்தலுக்கு என்ன செய்ற?"

"மோதினாருக்கு ஆறுதலாச் சொல்லச் சொல்லுங்க. அழாமச் சொன்னா அவர்ட குரலும் வெளங்கும்."

வெள்ளிக்கிழமை நிருவாகக் கூட்டத்தில் பேசுவோம், அதுவரை ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மிஸ்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததை முழுதும் சொல்ல விட்டா. பிறகு, "நிப்பாட்டுங்க எண்டும் சொல்லேலாது, ஓட விடுங்க எண்டும் சொல்லேலாது. வியாழக்கிழம மெசின் ஓடாட்டி அவங்க திரும்பச் செய்யச் சொல்லலாம். ஒரு வருசம் போகும். யோசிச்சிச் செய்ங்க" என்றா. வியாழன் வரைக்கும் விட்டுவிட்டுப் பிறகு நிறுத்தினால் என்ன என்று மச்சான் கேட்டார்.

எல்லாரும் இன்னும் கொஞ்ச நாள்தான் கேட்கிறார்கள். பள்ளிக்கு வெள்ளிவரை, பரீட்சைக்கு வியாழன்வரை. நானும்தான் கேட்கிறேன், வாப்பா, அதுதான் எனக்குப் பயம். இந்தக் கொஞ்ச நாளில் இன்னொருவர் மௌத்தாவார், உங்கள் குரல் கேட்கும், நான் அதைக் கேட்பேன், பிறகு இன்னும் கொஞ்ச நாள் கேட்பேன். மூன்று மாதம் எனக்கு அப்படித்தானே போனது? உங்களை ஊருக்குக் கொடுத்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் உங்களைப் பிடித்து வைத்திருந்தேன். உம்மாவையும் சேர்த்து.

ஆகவே இந்த வாக்கு. இதை எழுதி முடித்த கையோடு மெசினை நிறுத்துகிறேன். அடுத்த மௌத்தை மோதினார் அறிவிப்பார். கச்சான் நாளில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறேன், கீழே உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை பரீட்சகர்கள் முன்னால் ஓடாத மெசினோடு நிற்பேன். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் திங்கட்கிழமை நடந்ததைச் சொல்வேன். அதற்குப் புள்ளி இல்லையென்றால் இன்னொரு வருடம் படிக்கிறேன். உங்கள் குரலை அழிக்க மாட்டேன். சைக்கிள்காரர் கதையையும் அந்தச் சிரிப்பையும் சேர்த்து ஒரு பென்டிரைவில் போட்டு உம்மாவின் கையில் கொடுப்பேன். எப்போது கேட்பது, கேட்காமல் விடுவது என்பது அவவின் விருப்பம். இத்தா முடிகிற நாளில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன், இதுவும் வாக்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அந்த வரியை மாற்றியது உம்மாவின் விரல். நான் இன்னும் ஒருமுறைகூட அந்தச் சொல்லை உங்கள் பெயருக்கு முன்னால் எழுதவில்லை. இந்தக் கடிதத்திலும், நீங்கள் சொன்னதையும் மெசின் சொன்னதையும் எடுத்து எழுதினேனே தவிர, நானாக எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மர்ஹூம் மீராலெவ்வையின் ஒரே மகள்,
நஸ்மியா